யாருக்கு இடப்பக்கம்?

ரோட்டை உடைக்க அனுமதி எழுதித் தருவதுதான் என் வேலை. முதல் முறை கேட்பவர்கள் சிரிப்பார்கள். "உடைக்கிறதுக்குக்கூட அனுமதியா?" என்பார்கள். அனுமதி இல்லாமல் எவனாவது அவர்கள் வாசலை உடைத்துவிட்டால், என் மேசைமுன் நின்று கத்துவதும் இவர்களேதான். குழாய் பதிக்க, கம்பி இழுக்க, கழிவுநீர் இணைக்க, வீடு கட்டும் ஜல்லியை நடைபாதையில் கொட்டிவைக்க, எதுவானாலும் எங்கள் பிரிவுக்கு வந்து மூன்று பிரதி கொடுத்து, நான் முகம் சுளிப்பதையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வருடமாகச் சுளிக்கிறேன். இப்போதெல்லாம் சும்மா இருக்கும்போதும் சுளித்த மாதிரியே இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள்.

என் வீட்டுக்காரர் ஓர் ஒப்பந்தக்காரரிடம் பொக்லைன் ஓட்டுகிறார். நான் எழுதுகிறேன், அவர் தோண்டுகிறார். "உன் பேனா ஒரு இழுப்பு இழுத்தா எனக்கு ஒரு நாள் இடுப்பு வலி" என்று சாப்பிடும்போது சொல்லிக் காட்டுவார். அவர் தோண்டுவது எப்போதாவதுதான் நான் எழுதிய தெருவாக இருக்கும். அந்தப் புதன்கிழமை அப்படித்தான் அமைந்தது. காலையில் கிளம்பும்போதே சொன்னார்.

"இன்னிக்கு அந்த அயர்ன் கடைத் தெரு. குடிதண்ணிக் குழாய். உன் கையெழுத்துதான்."

"பத்து மணிக்கு முன்னாடி வண்டியை எடுக்காதீங்க. நிபந்தனையில போட்டிருக்கேன்."

"உத்தரவு மேடம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஒரு தெருவுக்கு இரண்டு பக்கம்தான். ஆனால் அதில் எது இடது, எது வலது என்பது எந்தக் கோடியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதற்காக எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றாம் நம்பர் வீட்டருகே நின்று தெருவுக்குள் பார்க்க வேண்டும். அப்போது இடக்கைப் பக்கம் எதுவோ அதுதான் இடப்பக்கம். எங்களுக்கும் தெரியும், ஒப்பந்தக்காரர்களின் மேஸ்திரிகளுக்கும் தெரியும். எங்கும் எழுதிவைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதிவைப்பது என்று நானே ஒருமுறை ஒரு புது அதிகாரியிடம் வாயடித்திருக்கிறேன்.

ஒன்பதே முக்காலுக்குக் கதவு எண் பிரிவுக்காரர் வந்தார். எங்களிடம் இருந்த பழைய பதிவேட்டைத் திருப்பிக் கேட்டார்.

"எதுக்கு இப்ப?"

"பழசு செல்லாது மேடம். அயர்ன் கடைத் தெருவுல அந்தக் கோடியில பெரிய ரோடு வந்திருச்சுல்ல? இனிமே நம்பர் அங்கிருந்துதான் ஆரம்பம். முன்னாடி கடைசி வீடா இருந்தது இப்ப ஒண்ணாம் நம்பர். போன மாசமே பலகை அடிச்சாச்சு. சுற்றறிக்கை அனுப்பினோமே, பாக்கலியா?"

சுற்றறிக்கை என் மேசையில்தான் இருந்தது. அதன்மேல் என் டீ டம்ளர் இருந்தது.

டம்ளரை நகர்த்திவிட்டுப் படித்தேன். கோப்பை இழுத்துப் பிரித்தேன். எங்கள் அளவையாளரின் குறிப்பு மேலேயே இருந்தது. அவருக்கு அலுவலகத்தில் 'ஏறக்குறைய சார்' என்று பெயர். எதை அளந்தாலும் அந்தச் சொல்லைப் போடாமல் அவருக்குப் பேனா நகராது. "வலப்பக்கம் உயர் அழுத்த மின்வடம் செல்கிறது, ஆழம் ஏறக்குறைய மூன்று அடி. இடப்பக்கம் தோண்டலாம்" என்று எழுதியிருந்தார். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். ஓடினேன்.

"சார், அயர்ன் கடைத் தெருவை அளந்தப்ப எங்க நின்னீங்க?"

"எங்க நிப்பேன்? ஒண்ணாம் நம்பர்லதான்."

"அயர்ன் கடைப் பக்கமா, பெரிய ரோட்டுப் பக்கமா?"

"அயர்ன் கடைப் பக்கம். ரெண்டு மாசம் முன்னாடி அளந்தது. ஏன்மா, முகமெல்லாம் இப்படி வெளுத்துப்போச்சு?"

அவர்மேல் தப்பில்லை. அவர் அளந்தது பலகை மாறுவதற்கு முன்னால். அனுமதி எழுதியது நான், அதுவும் போன வாரம், சுற்றறிக்கையின்மேல் டம்ளரை வைத்துக்கொண்டு. "தெரு முழுவதும், இடப்பக்கம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். மேஸ்திரி இன்றைக்குப் புது ஒன்றாம் நம்பரில் போய் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் இடது எது? மின்வடம் ஓடுகிற பக்கம். அந்தப் பக்கத்தில் பொக்லைன் கையை இறக்கினால் மூன்றடி எந்த மூலைக்கு? முதல் அள்ளலிலேயே வடம் மாட்டும். உட்கார்ந்திருப்பது இரும்பு வண்டிக்குள். அப்படி ஒரு விபத்துக் கோப்பு முன்பு ஒருமுறை என் கைக்கு வந்திருக்கிறது. அதில் இருந்த புகைப்படத்தை நான் யாரிடமும் விவரித்ததில்லை, வீட்டில் அவரிடம்கூட.

அவருடைய போனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனைச் சாப்பாட்டுப் பையில் போட்டு மூடிவிடுகிற மனிதர். மேஸ்திரிக்கு அடித்தேன். ஒவ்வோர் அனுமதியிலும் மேஸ்திரியின் எண் இருந்தே ஆக வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவள் நான்தான். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. மின் அலுவலகத்துக்கு அடித்தேன். நல்ல தூக்கத்திலிருந்து எழுந்த குரல் ஒன்று, பொறுமையாகக் கேட்டது.

"லைனை நிறுத்தணுமா? எழுத்துல குடுங்கம்மா."

"ஒரு உயிர் போயிரும்னு சொல்றேன்!"

"அதையும் சேர்த்து எழுதிக் குடுங்க."

என்னிடம் வருபவர்களுக்கு நான் இதே பதிலை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க அப்போது நேரமில்லை. மணி ஒன்பது ஐம்பத்தைந்து. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து அதிகாரி கூப்பிட்டது காதில் விழுந்தது, நின்று பதில் சொல்லவில்லை.

எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. யாரோ திட்டினார்கள், நானும் யாரையோ திட்டினேன். குறுக்கே போனால் ஐந்து நிமிடம் மிச்சம் என்று ஒரு சந்தில் திருப்பினேன். சந்தின் நடுவில் தகரத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஆளுயரப் பள்ளம். தடுப்பில் ஓர் அட்டை: "பொதுமக்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்." கீழே அனுமதி நகல், அதன் அடியில் என் கையெழுத்து. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான். ஒரு நாளாவது நான் வருந்தியிருப்பேனா? வண்டியை அங்கேயே சாய்த்துவிட்டு, பள்ளத்தின் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் போய் ஓடினேன். ஒரு செருப்பு பள்ளத்துக்குள் போயிற்று. இன்னொன்றை நானே உதறினேன்.

அயர்ன் கடை முனையில் திரும்பும்போது மணி பத்தேகால். பொக்லைன் சத்தம் இல்லை.

பத்து மணிக்கே ஆரம்பித்திருக்க வேண்டிய வேலை. வண்டி எதிர்க்கோடியில், ரோட்டின் நடுவே கையைத் தூக்கியபடி நின்றது. அதைச் சுற்றிக் கூட்டம். கூட்டம் என்றால் முதுகுகள்தான் தெரியும். ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. சண்டை போடுகிற குரல். தொண்டை கிழியப் போடுகிற, இன்னும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும் என்று தெரிகிற, ஆரோக்கியமான சண்டை. எனக்குப் பாதி உயிர் வந்தது. யாராவது செத்துக் கிடக்கிற இடத்தில் இப்படி ஒரு சண்டை நடக்காது. இரண்டு முதுகுகளை விலக்கிக்கொண்டு பார்த்தேன். வண்டியின் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

மீதி உயிரும் வந்தது. வந்த வேகத்தில் அவரைப் போய் நாலு அறை அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்ய முடியாது. வேலை நடக்கும் இடத்தில் நானும் அவரும் யாரோ எவரோ. நான் அனுமதி தருகிறவள், அவர் ஒப்பந்தக்காரரின் ஆள்; ஊர் வாய்க்கு அவல் போடக் கூடாது என்று நாங்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தார். வெறுங்காலையும் கலைந்த தலையையும் பார்த்துவிட்டு அவர் கண் ஒரு கேள்வி கேட்டது. வாய் மட்டும், "வணக்கம் மேடம்" என்றது.

"வணக்கம்" என்றேன்.

சண்டை போட்டவர் ஒரு தையல்கார அம்மா. என் வயதுதான் இருக்கும். காதில் பென்சில், விரலில் சாக்குக்கட்டித் தூள். தோண்டுவதற்காக ரோட்டில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின்மேல் தன் தையல் முக்காலியைப் போட்டு, அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய கடை. மேஸ்திரி கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, அனுமதி ஒட்டியிருக்கு, நீங்களே படிச்சீங்க. இடப்பக்கம்னு தெளிவா போட்டிருக்கு."

"தெளிவா? யாருக்கு இடது?"

"யாருக்குன்னா? இடதுன்னா இடதுதாம்மா!"

"சட்டைக்கு இடது பக்கம் பாக்கெட் வைன்னா, போட்டுக்கிறவனுக்கு இடதா, எதிர்ல நின்னு பாக்கிறவனுக்கு இடதா? தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாப்பது சட்டைக்கு வலது பக்கம் பாக்கெட் வெச்சுட்டு, நாப்பதையும் ராத்திரி பகலா பிரிச்சவ நான். இந்த இடது வலது விஷயத்துல என் காதுல பூ சுத்த முடியாது."

"ஒண்ணாம் நம்பர்ல நின்னு பாக்கணும். அதான் கணக்கு."

"எந்த ஒண்ணாம் நம்பர்? போன மாசம் வரைக்கும் என் கடை நாப்பத்தொண்ணு. இப்ப மூணு. ஒண்ணாம் நம்பர் அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடிக்கு வந்திருச்சு. இதை எழுதின மகராசி பலகை மாறினதுக்கு முன்னாடி எழுதினாளா, பின்னாடி எழுதினாளா? அதைச் சொல்லுங்க, எந்திரிச்சுப் போறேன்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

"பின்னாடிதான் எழுதினா" என்றேன். "பழசைப் பாத்து எழுதினா. நீங்க கேக்கிறதுதான் சரி. மேஸ்திரி, இந்தப் பக்கம் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்காதீங்க."

தையல்கார அம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை என் வெறுங்காலில் நின்றது.

"நீங்க யாரு?"

"அந்த மகராசி."

அவரிடம் இன்னும் பத்து நிமிடப் பேச்சு மிச்சம் இருந்திருக்க வேண்டும். எதிராளி முதல் வார்த்தையிலேயே தோற்றுவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மேஸ்திரியை ஓரமாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, வெள்ளைக் கோட்டின்மேல், முக்காலி இருந்த இடத்துக்கு அரை அடி தள்ளி, கையாலேயே மெதுவாகத் தோண்டிப் பார்க்கச் சொன்னார். கடப்பாரை வேண்டாம் என்றேன். தாரை மட்டும் உளியால் பெயர்த்து, பிறகு மண்வெட்டியால் சுரண்டினார்கள். ஜல்லி வந்தது, செம்மண் வந்தது, அப்புறம் சலித்த மணல். ரோட்டுக்கு அடியில் தானாக மணல் இருக்காது. யாரோ எதையோ பாதுகாக்கக் கொட்டியது அது. இரண்டரை அடியில் சிவப்புப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று தெரிந்தது. அதில் மண்டை ஓடும் மின்னலும். பட்டைக்குக் கீழே வரிசையாகச் செங்கல்.

"போதும், வெளிய வாங்க" என்றார் மேஸ்திரி.

என் வீட்டுக்காரர் வந்து பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். தலையில் இருந்த மஞ்சள் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். பிறகு திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். அதன் கை சரியாக அந்த இடத்துக்கு மேலே தூக்கியபடி நின்றது.

தையல்கார அம்மா முக்காலியை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனார். உள்ளே போனதும் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"நான் ஒண்ணும் பெருசா யோசிச்சுப் பண்ணலம்மா" என்றார். "பள்ளிக்கூடம் திறக்கப்போகுது. யூனிபார்ம் தைக்கிற நேரம். வாசலைத் தோண்டிட்டா எவன் வருவான்? எதிர்ப்பக்கம் தோண்டிக்கட்டுமேன்னுதான் சண்டைக்குப் போனேன். இப்படி ஒண்ணு கீழ இருக்கும்னு கனவுலகூட நினைக்கல."

"நீங்க எதுக்குப் போனாலும் சரி. வயித்துல பாலை வார்த்தீங்க."

தண்ணீர் குடித்தார். குடித்து முடித்ததும் அவருக்குக் கோபம் திரும்பி வந்தது. வரட்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன்.

"நான் இதை விட மாட்டேன். மேல எழுதிப் போடத்தான் போறேன்."

"விடாதீங்க. பேப்பர் இருக்கா?"

துணி வெட்டுவதற்கு முன் அளவு வரைகிற பழுப்புத் தாளை எடுத்துக் கத்தரித்தார். காதிலிருந்த பென்சிலை வைத்துவிட்டுப் பேனா தேடினார். அவரிடம் இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். யாருக்கு எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எந்த அதிகாரி, எந்தப் பிரிவு, அனுமதி எண் என்ன என்று வரிசையாகச் சொன்னேன். இந்த வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் இருக்கிறதே.

"'மேற்படி எழுத்தரின் அலட்சியத்தால்'னு போடுங்க" என்றேன்.

"அலட்சியம்னா கொஞ்சம் கடுமையா இல்ல? கவனக்குறைவுன்னு போடட்டுமா?"

"கவனக்குறைவுன்னா தூக்கிப் போட்டுருவாங்க. அலட்சியம்னே போடுங்க. சுற்றறிக்கை மேல டீ டம்ளரை வெச்சிருந்தா, வேற என்ன அது?"

அவர் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு எழுதினார். நல்ல கையெழுத்து, தையல் மாதிரியே சீராக இருந்தது. "மேற்படி எழுத்தரின் அலட்சியத்தால், பொக்லைன் ஓட்டுநர் ஒருவரின் உயிர் போக இருந்தது" என்று முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஓட்டுநர் பேரையும் போட்டாத்தானே எடுபடும்? அந்தாளு யாரு, பேரு என்ன? உங்களுக்குத் தெரியுமா?"

கடை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி, உள்ளே வரலாமா கூடாதா என்று. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மேஸ்திரியைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஏற்பாடும் அந்த நடிப்பும் அத்தனை வருடமும் எனக்கு ஒரு சிரமமாகவே இருந்ததில்லை.

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. சின்னதாக ஒன்றுமில்லை, ஊரைக் கூட்டுகிற அழுகை. கடைக்குள் தொங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தையல்கார அம்மா அதைக்கூடத் தடுக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அடக் கடவுளே" என்றார். "கிழிச்சிரட்டுமாம்மா?"

"கிழிச்சா நானே இன்னொண்ணு எழுதுவேன். கையெழுத்துப் போடுங்க."

வாசலில் நின்றவர் உள்ளே வந்தார். என்ன செய்வது என்று தெரியாமல், மண்ணுக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் தோளில் வைத்தார்.

"ஏய். ஒண்ணும் ஆகல. பாரு, முழுசா நிக்கிறேன்."

"போனை எதுக்குப் பைக்குள்ள போட்டு மூடுறீங்க? அது என்ன ஊறுகாயா?" என்றேன்.

"சரி, தப்புதான். இனிமே சட்டைப் பையில வெக்கிறேன். நீ செருப்பு போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்."

தையல்கார அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, இருந்தாலும் சிரித்தேன். வாசலில் மேஸ்திரி தன் போனை எங்காவது சார்ஜ் போட முடியுமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அப்போது திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை, அது என் வாழ்க்கையில் அபூர்வம்.

மதியம் அலுவலகத்துக்குத் திரும்பினேன். தையல்கார அம்மா கடனாகக் கொடுத்த செருப்பு ஒரு அளவு பெரியது, படியேறும்போது டப் டப் என்றது. அதிகாரியிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முதலில் திட்டினார், பிறகு உட்காரச் சொன்னார், பிறகு மறுபடியும் திட்டினார். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றார். வரட்டும் சார் என்றேன். இனிமேல் எந்த அனுமதியிலும் இடது, வலது என்ற சொற்களே கூடாது, எந்தக் கடைப் பக்கம், எந்த மின்கம்பத்துப் பக்கம் என்று படத்தோடு எழுத வேண்டும், கையால் ஒரு குழி தோண்டிப் பார்க்காமல் வண்டியை இறக்கக் கூடாது என்று ஒரு குறிப்பு எழுதி அவர் மேசையில் வைத்தேன். அதன்மேல் எதையும் வைக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு என் இடத்துக்கு வந்து, புகார்ப் பதிவேட்டைத் திறந்தேன். பழுப்புத் தாளின் மூலையில் முத்திரை குத்தி, அடுத்த வரிசை எண்ணைப் போட்டேன். புகார் கொடுத்தவர், தேதி, இடம், யார்மீது புகார். அந்தக் கட்டத்தில் என் பதவியை எழுதினேன். கடைசிக் கட்டம், சேதம். அந்தக் கட்டத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறேன்: மதில் ஒன்று, சைக்கிள் ஒன்று, கணுக்கால் முறிவு. ஒரே ஒருமுறை, அந்தப் புகைப்படக் கோப்புக்கு, ஆள் ஒன்று என்று.

இல்லை என்று எழுதினேன். வழக்கமாக எழுதுகிற சொல்தான், தினமும் பத்து முறை எழுதுவேன். அன்றைக்கு எழுதிவிட்டு மை காயும்வரை அதையே படித்துக்கொண்டிருந்தேன்.